எச்சிலும் சுவரும்

பழைய மனிதன் செத்துப் புதிய மனிதன் பிறக்கிறான் என்கிற பவுலின் சொல்லாடலை மனசுக்குள் நடக்கிற ஒரு சமாச்சாரமாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். புதுச்சேரியின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களோடு வைத்துப் பார்க்கையில் எனக்கு வேறொன்று தட்டுப்படுகிறது. இந்த ஊரில் புதுப்பிறப்பு குறித்த பெரிய சண்டை எச்சிலை வைத்துத்தான் நடந்திருக்கிறது.

1703 நவம்பரில் போப்பின் தூதர் தூர்னோன், சீனா போகிற வழியில் இங்கே வந்திறங்கினார். எட்டு மாசம் தங்கினார். உடம்பு முடியாமல் போனதால் உள்நாட்டு மிஷன்களைப் பார்க்கவே இல்லை. சேசு சபையாரை விசாரித்தே 1704 ஜூனில் ஓர் ஆணை எழுதி, ஜூலையில் வெளியிட்டுவிட்டுக் கிளம்பினார். ஞானஸ்நானத்தில் குருவின் உமிழ்நீர், ஊதுதல், உப்பு எதையும் விடக்கூடாது. தாலியில் பிள்ளையார் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண்களைக் கோயிலுக்கு வராமல் தடுக்கக்கூடாது. நோயாய்க் கிடக்கும் பறையர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்த் தேவதிரவிய அனுமானங்களைத் தரவேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆணை தேவைப்பட்டது என்பதே போதும், நடைமுறை என்னவாக இருந்தது என்று சொல்ல.

மாற்கு சுவிசேஷத்தில் ஏசு செவிடனைக் குணமாக்கும்போது உமிழ்ந்து நாவைத் தொடுகிறார். ரோமைச் சடங்கு அதை எடுத்துக்கொண்டது. குரு தன் உமிழ்நீரால் காதையும் மூக்கையும் தொட்டுத் திறக்கிறார். யார் எச்சில் யார்மேல் படலாம் என்பதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு சமூகத்தில் இது என்ன பாடுபடும்? பறங்கியின் எச்சில் பட்டவன் சாதி கெட்டவன். ஆகவே சேசு சபையார் அதை விட்டுவிட்டார்கள். 'எச்சில்தானே, விட்டுட்டுப் போங்களேன்' என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை சடங்கின் உயிரே அங்கேதான். புதுவாழ்வு ஒருவனுக்குள் நுழைய இன்னொருவன் உடம்பு அவன்மேல் பட்டாக வேண்டும். நொபிலி தொடங்கி 'பண்பாட்டு ஏற்பு' என்று கொண்டாடப்படுகிற இந்த அணுகுமுறை ஏற்றுக்கொண்டது யாருடைய பண்பாட்டை என்பதை நம் கிறித்தவ அறிஞர்கள் நிதானமாக யோசிக்கலாம். தூர்னோனையும் சும்மா புரட்சிக்காரராக்கிவிட வேண்டாம். அவருக்குச் சடங்கின் தூய்மைதான் கவலை.

நாற்பது வருஷ வழக்காடலுக்குப்பின் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். கையோடு பறையர்களுக்கென்று தனிக் குருக்கள் என்ற சேசு சபையாரின் யோசனையையும் ஏற்றார். தொடமறுப்பு இப்படி ஒரு நிர்வாக ஏற்பாடாக மாறிற்று.

அடுத்த வருஷம் அக்டோபர் மாதக் குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு விஷயத்தை எழுதிவைக்கிறார். சம்பா கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் சட்டைக்காரரும். பறையர்கள் திரண்டுபோய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தவேண்டாமா என்று பெரிய பாதிரியிடம் கேட்டிருக்கிறார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், விவகாரம் கவர்னர் துய்ப்ளேவரைக்கும் போயிற்று. பிள்ளை கிறித்தவரல்ல, கிறித்தவத் துபாஷி கனகராய முதலிக்கும் அவருக்கும் ஆகவும் ஆகாது. ஆகவே எழுத்தில் கொஞ்சம் குஷி தெரிகிறது. அதற்காகச் செய்தி பொய்யாகிவிடாது. அதே வருஷம் கனகராய முதலி செத்துப்போன தன் மகன் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா கோயிலைக் கட்டி முடித்து, ஊரையே கூட்டி விருந்து வைத்தார்.

போப்புகளும் தூதர்களும் வழக்காடிக்கொண்டிருந்த புதுப்பிறப்பை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டவர்கள் அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவர்களே என்று நான் வாசிக்கிறேன்.

சுவர் இருந்த கட்டடம் 1761இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரை இடித்தபோது போய்விட்டது. 2008 மார்ச்சில் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், சாதிக் கிறித்தவர்களோடு ஒரே கோயிலில் இனி முடியாது, எங்களுக்குத் தனிப்பங்கு கொடுங்கள் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டார்கள். கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள்.