சமூகத் தணிக்கை

அரசு நலத்திட்டத்தின் கணக்கையும் பணியையும் பயனாளிகளே ஊரறியச் சரிபார்க்கும் முறை சமூகத் தணிக்கை. வழக்கமான தணிக்கை தாளோடு தாளை ஒப்பிடும். இது தாளில் உள்ளதை ஆளிடம் கேட்கும். ‘நூறு நாள் வேலை’ என மக்கள் அழைத்த ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாக இது இந்தியா முழுவதும் பரவியது.

இதன் வேர் ராஜஸ்தானில் உள்ளது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியைத் துறந்த அருணா ராயும், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் உழவர்களோடும் கூலித் தொழிலாளர்களோடும் சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதனைத் தொடங்கினர். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. அத்தகைய கூட்டங்களில் மஸ்டர் ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் பெயரைக் கேட்டதும் எழுந்து உண்மையைச் சொன்னார். இம்முறையின் உயிர் அந்த உரத்த வாசிப்பில்தான் இருக்கிறது. ஆவணத்தைத் தரமாட்டோம் என்ற அதிகாரிகளின் மறுப்புக்கு எதிரான போராட்டமே, 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணாவாகவும், பின்னர் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான இயக்கமாகவும் வளர்ந்தது. தமிழ்நாடு 1997இலேயே இத்தகைய சட்டம் இயற்றியிருந்தும், அதில் விலக்குகள் மலிந்திருந்தன.

2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது அது நடக்க வேண்டும், திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பு அதில் தலையிடக் கூடாது என 2011 விதிகள் வகுத்தன. தணிக்கையாளர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்து, வெட்டிய குளத்தையும் போட்ட சாலையையும் அளந்து பார்ப்பார்கள். இறுதி நாளில் கிராம சபை கூடும். ஆந்திரப் பிரதேசம் இதற்கெனத் தனி அமைப்பை உருவாக்கி முன்னோடியானது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் கடைகளுக்கும் இதை விரித்தது. மேகாலயா 2017இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

குறை, கண்டறிவதற்குப் பின்னால் இருக்கிறது. முறைகேடு எனப் பதிவான தொகையில் மீட்கப்படுவது சிறு பகுதியே. தணிக்கை அமைப்புகளுக்கான நிதியும் அரசிடமிருந்தே வருவதால், அது தாமதமாகும்போது பணி முடங்குகிறது. சாட்சி சொன்ன கூலித் தொழிலாளி மறுநாளும் அதே அலுவலரிடம்தான் வேலை கேட்டு நிற்க வேண்டும். அவருக்குப் பாதுகாப்பும், எடுத்த நடவடிக்கையை அடுத்த சபையில் சொல்லும் கட்டாயமும் இல்லாத இடங்களில், சமூகத் தணிக்கை பாதி வேலையையே செய்துள்ளது.