கோணேசர் காலடியில்

நீச்சல் தெரியாதவன் கடலடியைப் பற்றி எழுதலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போர்க்களத்தை எட்டிக்கூடப் பாராதவர்கள் சரித்திர நாவல் எழுதவில்லையா என்று அவர் வாயை அடைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

1956-ஆம் வருஷம். விஞ்ஞானக் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற ஆர்தர் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இலங்கையில் இருந்தார்கள். இருவரும் ஆங்கிலேயர்கள். க்ஷேத்திராடனம் செய்ய வந்தவர்கள் அல்லர். பவழப் பாறைகளுக்கிடையே மீனோடு மீனாக நீந்தவும் படம் பிடிக்கவும் வந்தவர்கள். முதுகிலே காற்று அடைத்த உருளை, வாயிலே ஒரு குழாய், இவைதாம் மூட்டை முடிச்சு.

அந்தச் சாதனம் பிறந்து அப்போது பதின்மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில், கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. வேறு வாயுவில் மோட்டார் வண்டியை ஓட்டுவதற்காகக் கான்யான் ஒரு சின்ன வால்வு செய்திருந்தார். அதுதான் இதற்கு மூலம்! நீருக்குள் 33 அடி இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது. அதற்கு ஈடான அழுத்தத்தில், மூச்சை இழுக்கும்போது மட்டும், வால்வு காற்றைக் கொடுக்கிறது. ஆசாமி ஒரு கயிறும் இல்லாமல் இஷ்டம்போல் திரியலாம்.

அப்படித் திரிந்தவர்கள் திருகோணமலையில் சுவாமி மலை என்னும் செங்குத்துப் பாறையின் அடியில் மூழ்கினார்கள். மீன்கள் இருந்தன. மீன்களுக்கு நடுவே, கடல் செய்திருக்க முடியாத வஸ்துக்களும் கிடந்தன: உளி பட்ட கற்கள், தூண்கள்.

ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் இருந்த பாறை அது. 1620-களில் போர்த்துகீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்துத் தள்ளினார். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. ஒரு பகுதி கடலுக்குப் போயிற்று. கோயில்தான் போயிற்றே தவிர, ஜனங்கள் போகவில்லை. வெறும் பாறை விளிம்பில் நின்று, கடலைப் பார்த்துப் பூசை செய்தார்கள். பூவும் தேங்காயும் அலைக்குப் போயின. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அங்கே போன வெள்ளைக்காரர்கள் இந்த வழிபாட்டை ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிளார்க் தாம் கண்டதை 1957-இல் புத்தகமாக வெளியிட்டார். அதைக் 'கண்டுபிடிப்பு' என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். முந்நூறு வருஷமாகப் பூப் போட்டுக் கொண்டிருந்தவர்களுக்கு அடியில் கிடப்பது என்னவென்று தெரியாதா? தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பார்ப்பது என்பதும் லேசான விஷயமா? அந்தப் பாக்கியம், கோணேசர் பெயரைச் சொல்லி வளர்ந்த யாருக்கும் கிடைக்காமல், விடுமுறைக் குதூகலத்தோடு குதித்தவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு அவர்கள்மேல் சிறிது பொறாமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1961-இல் இலங்கையின் தென்கிழக்குக் கடலில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக வில்சன் கையில் அகப்பட்டன. அது தனிக் கதை. கிளார்க் இலங்கையிலேயே தங்கி 2008-இல் காலமானார். வில்சன் பிற்காலத்தில் துறவியானார். பெயர், சுவாமி சிவ கல்கி.