வில் வண்டி முதல் டயர் வண்டி வரை: குலுக்கல் யாருக்குக் குறைந்தது?

மாட்டு வண்டி என்றதும் நம்மில் பலருக்கு ஒரே ஒரு வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியது ஒரே வகை வண்டி அல்ல. பாரம் ஏற்றும் கட்டை வண்டி, ஆட்கள் சவாரி போகும் வில் வண்டி, பிறகு வந்த டயர் வண்டி என்று குறைந்தது மூன்று வகைகள் உண்டு. இந்த மூன்றுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான். சாலையில் இருக்கும் குழியின் அடியை யார் வாங்கிக்கொள்வது?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் வீடுகளுக்கு, உரிமையாளர்களே புது ஸ்பிரிங், புது அச்சு எல்லாம் மாற்றிக்கொள்வது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. கிட்டத்தட்ட இதே வேலையை நம் ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் மாட்டு வண்டிக்குப் பல காலமாகச் செய்து வந்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

கட்டை வண்டி

பழைய கட்டை வண்டியில் ஸ்பிரிங் என்று எதுவுமே கிடையாது. சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி மர வட்டை, அதற்கும் மேலே இரும்புப் பட்டை. இந்தப் பட்டையைச் சக்கரத்தை விடக் கொஞ்சம் சிறிய அளவில் செய்வார்கள். அதை நெருப்பில் காய்ச்சினால் விரியும். விரிந்த சூட்டோடு சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆணி அடித்தாலும் வராத இறுக்கம்! இதுதான் கொல்லரின் கைவேலை.

குடத்துக்குள் இருசு உராயாமல் இருக்க மசகு போடுவார்கள். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்வது இது. நவீன வண்டிகளில் பேரிங் செய்யும் வேலையை அந்தக் காலத்தில் இந்தக் கறுப்பு மைதான் செய்தது.

சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் அந்த அடி இருசுக்குப் போகும். அங்கிருந்து ஏர்க்கால், ஏர்க்காலிலிருந்து நுகத்தடி, நுகத்தடியிலிருந்து நேராக மாட்டின் கழுத்துக்கு! வண்டியில் முன்பாரம் அதிகமானால் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும். இரண்டையும் சமன் செய்து ஏற்றத் தெரிந்தவர்தான் நல்ல வண்டிக்காரர்.

வில் வந்தது

ஐரோப்பாவில் முதலில் கோச்சு வண்டியின் கூண்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டுக் குலுக்கலைக் குறைத்தார்கள். பிறகு எஃகு ஸ்பிரிங் வந்தது. 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஒபதயா எலியட் என்பவர் நீள்வட்ட ஸ்பிரிங்கின் மேலேயே வண்டியை நேரடியாக உட்கார வைத்தார். இதனால் வண்டியின் எடையும் குறைந்தது.

இந்த ஸ்பிரிங்கின் வேலை எளிமையானது. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கப்பட்டிருக்கும். குழியில் இறங்கும்போது பட்டை வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டமும் சீக்கிரம் அடங்கும். பட்டைகளைக் கூட்டினால் அதிகப் பாரம் தாங்கும், ஆனால் மெத்தென்று இருக்காது. இன்றும் லாரிப் பட்டறைகளில் இதைக் 'கமான் பட்டை' என்பார்கள். கமான் என்றாலும் வில் என்றுதான் அர்த்தம். ஆக 'வில் வண்டி' என்ற பெயரும் 'கமான் பட்டை' என்ற பெயரும் ஒரே வளைவைப் பார்த்துப் பிறந்தவைதான்.

வில் வண்டியில் போனவர்கள் யார்? பண்ணையார்கள், மிராசுதார்கள், வசதியுள்ள வீட்டுப் பெண்கள். நெல் மூட்டைக்கு வில் தேவையில்லை என்று கட்டை வண்டி அப்படியே விடப்பட்டது. எனவே குலுங்காமல் போவது ஓர் அந்தஸ்தாகவே ஆகிவிட்டது.

அந்த அந்தஸ்தைத் துணிந்து கேள்வி கேட்டவர் அய்யன்காளி. திருவிதாங்கூரின் வெங்கானூரில் 1863ல் பிறந்தவர். புலையர் சமூகத்தினர் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலம் அது. 1893ல் அவர் ஒரு வில் வண்டி வாங்கி, நல்ல உடை உடுத்தி, அதே சாலையில் ஓட்டிப் போனார். 'வில்லுவண்டிப் பயணம்' என்று கேரள வரலாறு அதை இன்றும் நினைவு வைத்திருக்கிறது. அவர் ஏன் ஒரு கட்டை வண்டியில் போகவில்லை என்று யோசித்தால், அந்த எஃகு வில்லுக்கு எவ்வளவு அர்த்தம் இருந்தது என்று புரியும்.

காற்று அடைத்த சக்கரம்

அடுத்த மாற்றம் ரப்பர் டயர். ஜான் பாய்ட் டன்லப் 1888ல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். 1936ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை வந்தது. வட இந்தியாவில் பல இடங்களில் டயர் வண்டியின் பெயரே 'டன்லப்' என்று ஆகிவிட்டது!

கள்ளக்குறிச்சிப் பகுதி கரும்பு விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது, நாளாக ஆகச் சர்க்கரைச் சத்து குறையும். இப்படிப்பட்ட சுமைக்கு டயர் வண்டி ஒரு வரப்பிரசாதம். ஈர வயலில் இரும்புப் பட்டை கத்தி போல இறங்கிவிடும். டயர் அகலமாக இருப்பதால் மேலே நிற்கும். தார் ரோட்டையும் கிழிக்காது.

புது டயர் வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் பழைய லாரி, ஜீப்பிலிருந்து கழற்றிய அச்சும் சக்கரமும் வண்டிக்கு வந்தன. ஆனால் வெறுமனே மாற்றி மாட்டிவிட முடியாது. மரச்சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் வரை இருக்கும், லாரிச் சக்கரம் அதைவிடச் சின்னது. வண்டித் தட்டு தாழ்ந்துவிடும், ஏர்க்காலின் சரிவு மாறும், பாரம் இடம் மாறும். அச்சுக்கும் தட்டுக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்தி, அச்சை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, முன்பாரமும் பின்பாரமும் சரியாக வரும் இடத்தில் முடுக்க வேண்டும். இதற்கு எந்த வரைபடமும் கிடையாது. தச்சரின் கண்தான் அளவு.

இதில் காற்றடைத்த டயரே ஸ்பிரிங்கின் வேலையையும் செய்தது. மாட்டின் கழுத்துக்கு வரும் அடி குறைந்தது. அப்படியானால் மாட்டுக்கு நிம்மதி வந்ததா?

சட்டம் சொல்லும் கணக்கு

1965ல் மத்திய அரசு இழுவை மாடுகளுக்கான வதைத் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒரு சிறிய மாடு இழுக்கும் இரண்டு சக்கர வண்டியில் டயர் இல்லையென்றால் 500 கிலோ வரை ஏற்றலாம். காற்றடைத்த டயர் இருந்தால் 750 கிலோ. பால் பேரிங் இருந்தால் 1000 கிலோ! அதாவது வண்டி லகுவாக ஆக ஆக, அனுமதிக்கப்பட்ட பாரமும் கூடிக்கொண்டே போகிறது. வண்டியில் செய்த முன்னேற்றத்தின் லாபம் சுமைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மாடு பழையபடியே மூச்சு வாங்கியது.

இன்னொரு விதியும் கவனிக்க வேண்டியது. 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் ஏறும் சரிவு ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பாரம் பாதிதான்.

கச்சிராயபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் இந்த விதி கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதுதான் கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் சராசரி 2700 அடி, பெரிய கல்வராயன் 4000 அடி. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் வேறு) மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தவர்கள். 1976ல்தான் அந்த ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. சாலை இல்லாத ஊருக்கு வில் வண்டியும் டயர் வண்டியும் ஒன்றுதான். கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக இறங்கின. குலுக்கலைக் குறைக்கும் தொழில்நுட்பம் எல்லாம், முதலில் ஒரு பாதை இருப்பவர்களுக்குத்தான்.

கழுத்தைப் பார்த்தவர்

மாட்டின் பக்கம் நின்று இந்தக் கணக்கைப் போட்டவர்களில் முக்கியமானவர் என்.எஸ். ராமசுவாமி. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர். மேலாண்மைப் படிப்பின் உச்சத்தில் இருந்தவர் மாட்டு வண்டியை ஆராய்ந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. 1979ல் வண்டியை நவீனப்படுத்துவது பற்றிய விரிவான அறிக்கை வந்தது. நாட்டில் ஒரு கோடிக்கும் மேலான மாட்டு வண்டிகள் ஓடிய காலம் அது. டயர், பேரிங் மட்டும் போதாது, நுகத்தடியையும் மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். நுகம் கழுத்தின் சிறு பரப்பில் மட்டும் அழுத்துவதால் புண் வருகிறது, இழுக்கும் சக்தியும் வீணாகிறது என்றார்.

ஆனால் பரவலாக மாறவில்லை. காரணம் பணம். டயர் மாற்றினால் அதிகப் பாரம் ஏற்றிச் செலவை எடுத்துவிடலாம். நுகம் மாற்றினால் வண்டிக்காரர் கையில் உடனே வருவது ஒன்றுமில்லை. புண் ஆறுவது மாட்டுக்குத்தான்.

இப்போது கரும்பு பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லரிலும் லாரியிலும் போகிறது. கழற்றிப் போட்ட கமான் பட்டை கொல்லர் உலையில் அரிவாளாகிறது. இருநூறு ஆண்டுகளில் சக்கரம் மாறியது, அச்சு மாறியது, இருக்கை மெத்தென்று ஆனது. நுகத்தடி மட்டும் கடைசி வரை அதே மரக்கட்டையாகவே இருந்துவிட்டது.