அயர்லாந்து மக்கள்: தாயகமும் பண்பாடும்

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அயர்லாந்துத் தீவு ஐரிஷ் மக்களின் தாயகம். பரப்பு ஏறத்தாழ 84,000 சதுர கிலோமீட்டர். இதில் உள்ள 32 மாவட்டங்களில் 26 அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தவை, தலைநகர் டப்ளின். வடகிழக்கே உள்ள ஆறு மாவட்டங்களும் வட அயர்லாந்து என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தில் இருக்கின்றன. 1,038 மீட்டர் உயரமுள்ள கேரன்டூஹில் மிக உயர்ந்த சிகரம். ஷானன் மிக நீண்ட ஆறு. மிதமான குளிரும் ஓயாத மழையும் புல்வெளிகளைப் பசுமையாக வைத்திருப்பதால் பாலும் வெண்ணெயும் பழங்காலத்திலிருந்தே முக்கிய உணவு. சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, காயவைத்து, அடுப்பெரிக்கும் வழக்கம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தது.

பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நியூகிரேஞ்ச் கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் எழுந்தது. கீசா பிரமிடுகளுக்கும் மூத்தது. டிசம்பர் மாதக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் விடியற்கால வெயில் அதன் உள்ளறை வரை நுழையும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பேட்ரிக் முதலிய துறவிகளால் கிறித்தவம் பரவியது. அதன் பின் மடங்கள் பெருகின. 800 வாக்கில் உருவான கெல்ஸ் நூல் என்னும் ஓவியச் சுவடி அந்த மடங்களின் உலகைச் சேர்ந்தது. 1169இல் இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் வந்திறங்கினர். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் நிலம் கத்தோலிக்கர் கையிலிருந்து மெல்ல மெல்ல ஆங்கிலேய, ஸ்காட்லாந்துக் குடியேறிகளிடம் போய்ச் சேர்ந்தது.

நிலமிழந்தவர்களுக்குச் சிறு துண்டுக் குத்தகை நிலத்தில் குடும்பத்தைக் காக்கக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே. 1845இல் ஒரு நுண்ணுயிர் நோய் அதைத் தாக்கியது. வயலில் கிழங்குகள் அழுகின. ஆனாலும் தானியமும் கால்நடையும் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அதனால் இந்தப் பஞ்சத்தை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1852க்குள் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினர். 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 82 லட்சம் அளவில் இருந்தது. 2021, 2022 கணக்கெடுப்புகளில் இரு பகுதிகளையும் சேர்த்தாலும் 70 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது.

பஞ்சம் மொழியையும் தின்றது. ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் செத்தது, அதிகம் வெளியேறியது. பிள்ளைகள் அமெரிக்காவில் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே நினைத்தார்கள். ஐரிஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, பேசிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெட்டுப் போட்டுத் தண்டித்ததும் உண்டு. இன்று ஐரிஷ் மொழியே குடியரசின் முதல் ஆட்சிமொழி. 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அது தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் ஒரு லட்சம்கூட இல்லை. அம்மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. ‘வந்தாயா’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையாலேயே விடை சொல்ல வேண்டும். ஐரிஷ்காரர்கள் பேசும் ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்து சேர்ந்த அந்த ஆங்கிலத்திலேயே யேட்ஸ், பெர்னார்ட் ஷா, ஷேமஸ் ஹீனி ஆகியோர் எழுதி நோபல் பரிசு பெற்றனர். நான்காமவர் சாமுவேல் பெக்கெட் பிரெஞ்சிலும் எழுதினார்.

இழந்ததை மீட்கும் முயற்சி விளையாட்டிலும் நடந்தது. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், மட்டையால் பந்தை அந்தரத்தில் அடித்தாடும் ஹர்லிங்கை நாடெங்கும் முறைப்படுத்தியது. டப்ளினின் குரோக் பார்க்கில் 82,000 பேர் பார்க்க இறுதியாட்டம் ஆடுபவர்களுக்கு இன்றும் சம்பளம் இல்லை. ஆசிரியராகவோ விவசாயியாகவோ மறுபடி தத்தம் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டாலும் 1922இல் சுதந்திர அரசு அமைந்தது. 1949இல் அது குடியரசானது. வடக்கில் முப்பதாண்டு நீடித்த வன்முறையை 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்பாடு பெருமளவு ஓயவைத்தது. இந்தியாவோடும் அயர்லாந்துக்குத் தொடர்பு உண்டு. இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பைப் பார்த்து எழுதப்பட்டவை. 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தவர்.

மார்ச் 17 புனித பேட்ரிக் நாள். அயர்லாந்தில் அது நெடுங்காலம் கோயிலுக்குப் போய்வரும் அமைதியான திருநாளாகவே இருந்தது. அன்று மதுக்கடைகளும் அடைத்திருந்தன. பச்சை உடையும் மேளமும் ஊர்வலமுமாக அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் குடியேறிய ஐரிஷ்காரர்கள். டப்ளின் அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது.