ஒரு பேரைச் சேர்க்க 50 பவுண்டு

போன மாசம் தங்கமணி இங்கிலாந்து வந்து சேர்ந்தாங்க. நான் ஒண்டிக்கட்டையா இருந்தப்போ ரெடிங்ல எடுத்த ஒரு பெட்ரூம் ஃப்ளாட்தான் வீடு. ரெண்டு பெட்டி நிறைய புளியும் மிளகாய்த்தூளும் இறக்கி வெச்ச மறுநாள் லெட்டிங் ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டேன். மனைவி வந்தாச்சு, அவங்க பேரையும் ஒப்பந்தத்துல சேர்க்கணும்னு. பதில் ரெண்டே வரி. பாஸ்போர்ட், விசா விவரம் வேணும், கூடவே 50 பவுண்டு.

ஆபீஸ்ல புலம்பினா பக்கத்து சீட் அண்ணன் சிரிக்கிறார். அவர் 2014ல இதே காரியத்துக்கு ரெஃபரன்ஸ் பார்க்க ஒண்ணு, கிரெடிட் செக்குக்கு ஒண்ணு, ஒப்பந்தத்தைத் திரும்ப அச்சடிக்க ஒண்ணு, அட்மின்னு ஒண்ணுன்னு 300 பவுண்டுக்கு மேல கட்டினாராம். "ஒரு பேரைச் சேர்க்க நாலு ரசீது தம்பி, நீ கொடுத்து வெச்சவன்"ன்னார்.

முந்நூறு எப்படி அம்பதாச்சு? ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன். பார்த்தா கதை 1915ல ஆரம்பிக்குது மக்களே!

முதல் உலகப்போர் சமயம். கிளாஸ்கோவுல கப்பல் கட்டற வேலைக்கும் ஆயுத வேலைக்கும் ஜனங்க குவிய, வீட்டுக்காரங்க வாடகையை ஏத்தினாங்க. மேரி பார்பர்னு ஒரு அம்மா தலைமையில பெண்கள் வாடகை கொடுக்க மாட்டோம்னு போராட, அந்த வருஷ டிசம்பர்ல அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்துச்சு. அந்தச் சட்டத்துலயே ஒரு விஷயம் இருக்கு. வாடகைக்கு மேல 'பிரீமியம்'னு எதுவும் வாங்கக்கூடாது. நம்மூர் கடைத்தெருவுல பகடின்னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்.

பிரீமியம் வாங்கக்கூடாதா? சரி, வீட்டுல கிடக்கிற பழைய நாற்காலியையும் திரைச்சீலையையும் யானை விலைக்கு வாங்கிக்கோ, அப்புறம் சாவி தர்றேன். இந்தத் தில்லாலங்கடி எவ்வளவு நாள் நடந்துச்சுன்னா, 1977 வாடகைச் சட்டத்துல கூட 'சாமான்களுக்கு அதிக விலை வெச்சா அதுவும் பிரீமியம்தான்'னு தனிப் பிரிவு போட வேண்டியிருந்தது.

இதுக்கு நடுவுல புரோக்கர்கள். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வீட்டுப் பஞ்சம். பேரைப் பதிய காசு, விலாசப் பட்டியல் கொடுக்கக் காசு. இந்த ரெண்டையும் 1953ல வந்த 'அக்காமடேஷன் ஏஜென்சீஸ் ஆக்ட்' குற்றம்னு சொல்லிடுச்சு. ஏஜென்ட்கள் யோசிச்சாங்க. விலாசம் கொடுத்ததுக்குக் காசில்லை, நீ வீட்டை எடுத்துக்கிட்டா மட்டும் கொடுன்னு மாத்திக்கிட்டாங்க. 1970களின் நடுவில் 'சாண்டர்ஸ் எதிர் சோப்பர்' வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. அவங்களும் இது வேற, அது வேற, இந்தக் கட்டணம் 1953 சட்டத்துக்குள்ள வராதுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அப்புறம் 1988 வீட்டுச் சட்டம். 1989 ஜனவரிக்கு அப்புறம் போட்ட புது ஒப்பந்தங்கள்ல பெரும்பாலானதுக்குப் பழைய வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. பிரீமியம் தடையும் கூடவே போச்சு. வாடகைச் சந்தை வீங்க வீங்க, ஏஜென்ட்கள் வீட்டுக்காரர்கிட்டயும் வாங்கினாங்க, குடியிருக்கிறவர்கிட்டயும் வாங்கினாங்க. அட்மின், ரெஃபரன்ஸ், செக்-இன், செக்-அவுட், ரினியூவல், ஆள் மாத்தினா ஒண்ணு, ஆள் சேர்த்தா ஒண்ணு. வெள்ளைக்காரன் ரசீது கொடுத்துத்தான் வாங்குவான், அது வேற விஷயம் :-)

"பேசாம வீட்டுல இருக்கட்டுமே, பேரை ஏன் சேர்க்கணும்?"னு கேக்கலாம். தங்கமணியும் அதைத்தான் கேட்டாங்க. பழைய வழக்கு ஒண்ணைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 1950ல 'கேமன்ஸ் எதிர் எக்கின்ஸ்'. வாடகை ஒப்பந்தம் ஒரு அம்மா பேர்ல. அவங்களோட பல வருஷம் புருஷன் மாதிரியே வாழ்ந்தவர் எக்கின்ஸ், கல்யாணம் மட்டும் ஆகலை. அந்த அம்மா இறந்ததும், நீ குடும்பத்து ஆளே இல்லை, வெளியே போன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே மாதிரி நிலைமையில இருந்த ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்க 1975 ஆச்சு. ஓரினச் சேர்க்கை ஜோடிக்குக் கணவன் மனைவிக்குச் சமமான இடம் கிடைச்சது 2004ல, கெய்டன் வழக்குல.

இன்னிக்கும் கல்யாணம் ஆனவங்களுக்கு 1996 குடும்பச் சட்டத்துல கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. சும்மா சேர்ந்து வாழறவங்க பேர் ஒப்பந்தத்துல இல்லேன்னா, பேர் இருக்கிறவர் 'கிளம்பு'ன்னா பெரும்பாலும் கிளம்ப வேண்டியதுதான். ஆனா பேரைச் சேர்த்தா முழு வாடகைக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு, ஒருத்தர் ஓடிப்போனா மத்தவர் முழுசா கட்டணும். தனியாள்னு கவுன்சில் டாக்ஸ்ல கிடைச்ச 25 சதவீதத் தள்ளுபடி, இன்னொருத்தர் குடிவந்தாலே போயிடும், பேர் சேர்த்தாலும் சேர்க்கலைன்னாலும். (இது எனக்கு இப்பத்தான் உறைச்சுது, ஹூம்.)

ஆக, கூட வாழறவங்களுக்குக் கூரை உறுதியாகணும்னா அந்த வரி வேணும். அதுக்குத்தான் காசு வாங்கினாங்க. 2016 பிப்ரவரியில இங்கிலாந்து முழுக்க 'ரைட் டு ரென்ட்' வந்தப்புறம் குடியேற்ற ஆவணம் பார்க்கிறதையும் சிலர் பில்லுல ஏத்தினாங்க. அரசாங்கம் போட்ட வேலை, கட்டறது நாம.

முதல்ல முழிச்சுக்கிட்டது ஸ்காட்லாந்து. அங்க பிரீமியம் தடை 1984 சட்டத்துல இருந்துக்கிட்டே இருந்தாலும் 'இது பிரீமியம் இல்லைங்க, அட்மின்'னு வசூல் நடந்துச்சு. 2012 நவம்பர் 30லேர்ந்து எந்த நிர்வாகக் கட்டணமும் பிரீமியம்தான்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. இங்கிலாந்துல 2016 நவம்பர்ல நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் தடை வரும்னு அறிவிச்சு, 2019 ஜூன் 1ல 'டெனன்ட் ஃபீஸ் ஆக்ட்' அமலுக்கு வந்துச்சு. வேல்ஸ் அதே வருஷம் செப்டம்பர்ல.

நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, நூறு வருஷமா இருந்தது பிளாக்லிஸ்ட். இந்தப் பேர்ல வாங்காதேன்னா அடுத்த நாளே வேற பேர். 2019 சட்டம் ஃபயர்வால்ல 'டீஃபால்ட் டினை' போடற மாதிரி எல்லாத்தையும் தடுத்துட்டு, அனுமதிச்சதை மட்டும் பட்டியல் போட்டுச்சு. வாடகை, அட்வான்ஸ் (ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழன்னா அதிகபட்சம் 5 வார வாடகை), வீட்டைப் பிடிச்சு வைக்க ஒரு வார வாடகை, சாவி தொலைச்சா ஆகிற செலவு, இப்படி. மீறினா முதல் தடவை 5,000 பவுண்டு வரைக்கும் அபராதம்.

அந்தப் பட்டியல்லதான் நம்ம கேஸும் இருக்கு. குடியிருக்கிறவரே கேட்டு ஒப்பந்தத்தை மாத்தினா 50 பவுண்டு வரைக்கும் வாங்கலாம். நியாயமான செலவு அதுக்கு மேலன்னா கூடுதலாவும் கேக்கலாம், ஆனா அதை ஏஜென்ட் நிரூபிக்கணும். படிச்சுட்டு நானும் வீராவேசமா 'செலவுக் கணக்கு கொடுங்க'ன்னு மெயில் அடிச்சேன். '50தான் கேக்கறோம், அதுக்குக் கணக்கு தேவையில்லை'ன்னு பதில் வந்துச்சு. கட்டிட்டேன்.

நேத்து புது ஒப்பந்தம் வந்துச்சு. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இருக்கிற இடத்துல நமக்கெல்லாம் அப்பா பேர்தானே. அதை மட்டும் எடுத்து, முன்னால 'மிசஸ்' போட்டு அச்சடிச்சிருக்காங்க. இப்போதைக்கு எங்க ஃப்ளாட்டோட ரெண்டாவது வாடகைதாரர் என் மாமனார். திருத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கேன், அதுக்கும் 50 கேப்பாங்களான்னு தெரியலை.