உறக்கம் இடம்மாறியவர்கள்

1916-17ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், முதல் உலகப்போரின் நடுவே, வியன்னாவின் மனநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினர். காய்ச்சலும் தலைவலியுமாகத் தொடங்கிய நோய் சிலரை உண்ணும்போதே உறங்கச் செய்தது. எழுப்பினால் தெளிவாகப் பதில் சொல்வார்கள்; மறுகணம் மீண்டும் உறங்கிவிடுவார்கள். கும்பகர்ணன் என்று நாம் எள்ளி நகையாடும் நிலை. வேறு சிலருக்கோ உறக்கம் அறவே அற்றுப்போனது. இவ்விரண்டும் ஒரே நோய் என்று கண்டவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ. கிரேக்க வம்சாவளி நரம்பியலாளர், விமானியும்கூட. 1917இல் அவர் இந்நோய்க்கு என்செபாலிடிஸ் லெதார்ஜிகா என்று பெயரிட்டார்.

இறந்தவர்களின் மூளைகளை அவர் ஆராய்ந்தார். உறக்கமிழந்தவர்களுக்கு ஹைபோதலாமஸின் முன்பகுதி சிதைந்திருந்தது. ஓயாது உறங்கியவர்களுக்கு அதன் பின்பகுதி. உறக்கம் என்பது மூளை களைத்து ஓய்வது மட்டுமே என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. அது மூளையே முனைந்து செய்யும் ஒரு செயல் என்ற எகனாமோவின் முடிவு, என் பார்வையில், அந்நூற்றாண்டின் மகத்தான ஊகங்களில் ஒன்று. 1931இல் அவர் மறைந்தார். அவர் சுட்டிய முன்பகுதியில் உறக்கத்தைத் தூண்டும் நரம்பணுக்கள் எலிகளில் அடையாளம் காணப்பட்டது 1996இல்தான்.

பிழைத்தவர்களின் கதை வேறு. நோய் தணிந்தபின் குழந்தைகள் பலருக்கு இரவும் பகலும் இடம்மாறின. பகலெல்லாம் சோர்ந்து கிடந்து, இரவெல்லாம் கட்டுக்கடங்காது அலைந்த அவர்களை உலகம் நோயாளிகளாகவன்றித் தீய பிள்ளைகளாகவே கண்டது. பலர் காப்பகங்களில் அடைக்கப்பட்டனர். பெரியவர்கள் பலரைப் பல்லாண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயை ஒத்த உறைநிலை பீடித்தது.

இதற்குக் காரணம் 1918இன் இன்ஃப்ளூயன்சா என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் பாதுகாக்கப்பட்டிருந்த மூளைத் திசுக்களில் அவ்வைரஸின் தடயம் கிடைக்கவில்லை என்று 2001இல் வெளியான ஆய்வு கூறியது. காரணம் இன்றும் புதிர்தான். ஆகவே, 2020க்குப்பின் கொரோனாவிலிருந்து மீண்டும் மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பவர்களை இவர்களோடு ஒன்றாக்குவது தவறு. அவர்களில் பெரும்பாலோருக்கு மூளையில் இத்தகைய சிதைவு காணப்பட்டதில்லை. ஒப்பிடத்தக்கது ஒன்றே: பரிசோதனைத் தாள்களில் குறையேதும் தென்படாதபோது, நோயாளியின் சொல்லை ஐயுறும் நம் அவசரம்.

நியூயார்க்கின் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் எஞ்சியிருந்தோருக்கு ஆலிவர் சாக்ஸ் 1969இல் எல்-டோபா மருந்தளித்தார். நாற்பதாண்டு உறைந்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர், பேசினர். சில வாரங்களிலேயே பலருக்கு நடுக்கமும் கட்டற்ற அசைவுகளும் தொடங்கின, உறக்கமும் குலைந்தது. சிலர் தொடர்ந்து அம்மருந்தையே விரும்பினர்.