நிறுவனப் பண்பாட்டு மாற்றம்: நம்மி கார்த் தொழிற்சாலை

நம்மி என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படும் நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரீமாண்ட் நகரில் கூட்டாக நிறுவிய கார்த் தொழிற்சாலையாகும். 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வாலை, பெரும்பாலும் அங்கு முன்பு மூடப்பட்ட ஆலையின் தொழிலாளர்களையும் அவர்களுடைய பழைய தொழிற்சங்கத்தையும் கொண்டே புதிய பணியிடப் பண்பாட்டை உருவாக்கியதால், மேலாண்மை இயலில் மிகுதியாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாயிற்று.

கருத்து விளக்கம்

நிறுவனப் பண்பாடு என்பது, ஓர் அமைப்பினர் தம் சிக்கல்களைத் தீர்க்கும்போது கற்றுக்கொண்டு, சரியென ஏற்று, புதிதாகச் சேர்வோருக்கும் கைமாற்றித் தரும் பொது எண்ணங்களின் தொகுதியாகும். அமெரிக்க உளவியலாளர் எட்கர் ஷைன் 1985இல் வெளியிட்ட நூலில் இதனைக் கண்ணுக்குத் தெரியும் வழக்கங்கள், வெளிப்படையாகச் சொல்லப்படும் மதிப்புகள், சொல்லாமலே நம்பப்படும் அடிப்படை எண்ணங்கள் என மூன்று அடுக்குகளாகப் பகுத்தார். இவற்றுள் மூன்றாம் அடுக்கே மற்ற இரண்டையும் ஆள்வதால், அறிவிப்புப் பலகைகளாலும் சொற்பொழிவுகளாலும் மட்டும் பண்பாட்டை மாற்றிவிட இயலாது.

பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஃபிரீமாண்ட் ஆலையில், நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் தொழிலாளர்கள் வேலைக்கு வராதிருந்ததுடன், சங்கத்தின் ஒப்புதல்கூட இல்லாத வேலைநிறுத்தங்களும் நிகழ்ந்தன. குறையுள்ள கார் கண்முன் நகர்ந்து சென்றாலும் உற்பத்தி வரிசை நிற்கக்கூடாது என்பதே அங்கு எழுதப்படாத விதியாக இருந்தமையால், தரத்தைப் பற்றிய கவலை தொழிலாளருக்கு உரியதன்று என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது.

மாற்றத்தின் வழிமுறை

1983இல் கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டபின், புதிய ஆலையின் தொடக்கக்காலத் தொழிலாளர்களுள் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஆலையிலிருந்தே எடுக்கப்பட்டனர். குழுத் தலைவர்கள் பலர் ஜப்பானின் தகாவோக்கா ஆலைக்கு அனுப்பப்பட்டு, டொயோட்டாத் தொழிலாளர்களுடன் சேர்ந்து வேலைசெய்தே பயின்றனர். எண்பதுக்கும் மேற்பட்ட பணிவகைகள் நான்காகக் குறைக்கப்பட்டன. அதிகாரிகளும் தொழிலாளர்களும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர்.

இம்மாற்றத்தின் மையம் ஆண்டோன் எனப்படும் எச்சரிக்கை முறையாகும். குறையைக் கண்ட எத்தொழிலாளரும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் உதவிக்கு வருவார். குறித்த நேரத்திற்குள் சிக்கல் தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். தவற்றைச் சொன்னவர் தண்டிக்கப்படாமல் உதவிபெற்றதால், கயிற்றை ஒவ்வொரு முறை இழுத்தபோதும் பழைய அச்சம் சற்றே தளர்ந்தது. வேலை செய்யும் முறையைத் தொழிலாளர்களே ஆராய்ந்து எழுதித் திருத்தினர். நிறுவனத்தின் நிலைபேற்றுக்கே ஆபத்து நேர்ந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் அளிக்கப்பட்ட உறுதியும், 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது தொழிலாளர்களை நீக்காமல் பயிற்சியில் ஈடுபடுத்தியதன் வழியாகக் காக்கப்பட்டது.

விளைவுகளும் வரம்புகளும்

வேலைக்கு வராமை சில விழுக்காடாகக் குறைந்தது. தகாவோக்காவில் 16 மணி உழைப்பில் முடிந்த கார்ப் பொருத்துவேலை இங்கு 19 மணியில் முடிய, ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்காம் ஆலைக்கு 31 மணி தேவைப்பட்டது. எனினும், ஓய்விடைவெளியை இறுக்கி மனஅழுத்தத்தால் நிர்வகிக்கும் முறை இது எனத் தொழிலாளர் இயக்க எழுத்தாளர்களான மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் ஆகியோர் 1988இல் கண்டித்தனர். 1993ஆம் ஆண்டுக் கார் மாதிரியின் அறிமுகத்தின்போது பெருகிய உடல்வலிகளும் காயங்களும் இக்கண்டனத்தைப் புறக்கணிக்க இயலாது என்பதை உணர்த்தின. தவற்றைச் சொன்னவரைக் காக்கும் பண்பாடு, களைத்த உடலையும் காக்க வேண்டியிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான்நைஸ் ஆலையில் குழுமுறையைப் புகுத்த முயன்றபோது, தொழிலாளரிடையே பிளவே மிஞ்சியது. 1992இல் அவ்வாலை மூடப்பட்டது. புலப்படும் வழக்கங்களைப் படியெடுக்க முடிந்தாலும், அவற்றைத் தாங்கிய நம்பிக்கையைப் படியெடுக்க முடியாமற்போனதை இது காட்டுகிறது. நம்மியில் பணியாற்றிய ஜான் ஷூக், எண்ணங்களை முதலில் மாற்ற முயல்வதைவிட, செயல்முறையை மாற்றினால் எண்ணங்கள் பின்தொடரும் என்று 2010இல் விளக்கினார். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியதையடுத்து, 2010 ஏப்ரல் 1 அன்று நம்மி மூடப்பட்டது. தொழிலாளருக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லும் எந்த நிறுவனத்தையும், குறையைச் சுட்டிக்காட்டுபவருக்கு அங்கு அடுத்த நிமிடத்தில் என்ன நேர்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இவ்வாலையின் வரலாறு விட்டுச்சென்ற அளவுகோலாகும்.